ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்கு 9 வெள்ளி 80 காசு

ஆங்கிலத்தில் 'டேக்' என்று ஒரு சொல். நான்கே எழுத்து. அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் 96 பக்கத்தில் ஒரு கையடக்கப் புத்தகம் வந்திருக்கிறது. சீன மொழி பேசுகிறவர்களுக்காகச் சீனாவில் அச்சானது; விளக்கமெல்லாம் எளிமையாக்கப்பட்ட சீன எழுத்தில். சிங்கப்பூரில், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் 9 வெள்ளி 80 காசு கொடுத்து வாங்கினேன். வாங்கலாம் என்பது என் தீர்ப்பு. பின்பாதியில் இருபது பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதும் அதே தீர்ப்பில் சேர்த்தி.

புத்தகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், பெயரைப் போட்டுக் குறை சொல்ல மனமில்லை. மஞ்சள் அட்டை, தலைப்பு முழுவதும் சீனத்தில். என்னிடம் படிக்கிறவர்கள் 'மஞ்சள் புத்தகம்' என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு தமிழச்சிக்கு இந்தப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அங் மோ கியோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகள். இங்குள்ள அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்க ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதில் ஆங்கிலமும் கணிதமும். கணிதம் அவர்களுக்கு விளையாட்டு. ஆங்கிலத்தில்தான் கண் கலங்கும். பிள்ளைகளோடு அவர்களுடைய தாய்மாரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளையின் படிப்புக்காகத் தனியாக இந்த ஊருக்கு வந்து வீடெடுத்துத் தங்கும் இந்தப் பெண்களுக்குச் சீனத்தில் 'பெய்து மாமா' என்று பெயர். நம் காதுக்கு ஏதோ மாமன் முறை போலக் கேட்கும். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா. அவர்கள் என்னை 'லாவ்ஷி' என்று கூப்பிடுவார்கள், ஆசிரியை என்று பொருள். சமூக மன்றத்து மாலை வகுப்பில் கற்ற மாண்டரின் எனக்குப் பேசக் கைகொடுக்கும். படிப்பதில் நான் மெதுதான். புரியாத எழுத்துக்கு விரலை வைத்து அந்த அம்மாக்களிடமே கேட்டுக்கொள்வேன். மஞ்சள் புத்தகத்தை அப்படித்தான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

சீனாவில் ஆங்கிலம் படித்தவர்களிடம் 'அபாண்டன்' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அகர வரிசையில் அடுக்கிய சொற்பட்டியல் புத்தகங்களில் முதலில் வந்து நிற்கும் சொல் அது. கைவிடு என்று பொருள். முதல் நாளே கைவிடு என்று கற்றுக்கொண்டு அன்றே படிப்பைக் கைவிட்டோம் என்பது அங்கே தலைமுறைகள் கடந்த நகைச்சுவை. கல்லூரிகளுக்கான ஆங்கிலத் தேர்வு அங்கே 1987இல் தொடங்கியது. பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்கு 3500 சொல் என்று ஒரு கணக்கும் உண்டு. பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்வதே பயிற்சி என்று வளர்ந்த பிள்ளைக்கு 'அபாண்டன்' தெரியும், அதைவிட நீளமான சொற்களும் தெரியும். 'டேக்' தெரியுமா என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பான். ஆறாம் வயதில் கற்ற சொல்லை இப்போது எதற்குக் கேட்கிறீர்கள் என்பான். சீனத்தில் 'நா', அதாவது எடு. முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் மஞ்சள் புத்தகத்தின் கட்சி. என் கட்சியும் அதுவே. பெரிய சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான், மனப்பாடம் செய்தால் போதும். சின்னச் சொல்லோ போகிற இடத்துக்கெல்லாம் வேறு வேறு முகம் காட்டும்.

இதைச் சீனாவிலேயே ஒருமுறை பெரிய அளவில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1930இல் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர், 850 சொற்களில் உலகத்துக்கே போதுமான ஆங்கிலம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதில் வினைச்சொற்கள் பதினெட்டு மட்டுமே. அந்தப் பதினெட்டில் 'டேக்' ஒன்று. அவருடைய நண்பர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனவர்; பின்னர் இந்த எளிய ஆங்கிலத்தைச் சீனப் பள்ளிகளுக்குள் கொண்டுபோகப் பல ஆண்டு பாடுபட்டார். 1937இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்து அந்த வேலையைக் குலைத்துப் போட்டது. போர் வராமல் இருந்திருந்தால் அது வென்றிருக்குமா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. 'அபாண்டன்' போன்ற பெரிய வினைகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் சின்ன வினையோடு 'அப்', 'ஆஃப்', 'இன்' என்று ஒரு வாலை ஒட்டிக்கொள்ளச் சொல்லும் திட்டம் அது. எண்ணிக்கையில் சொற்கள் குறைந்தன. ஆனால் என் மேசையில் பிள்ளைகள் திணறுவதெல்லாம் அந்த வால்களில்தான்.

சரி, புத்தகத்துக்குள் போவோம். இதன் மிகச் சிறந்த பகுதி முதல் நாற்பது பக்கம். ஆங்கில வாக்கியத்தைப் போட்டு அடியில் சீன மொழிபெயர்ப்பைக் கொடுப்பது மற்ற புத்தகங்களின் வழக்கம். இதை எழுதியவர் தலைகீழாகச் செய்திருக்கிறார். முதலில் ஒரு சீன அம்மா வீட்டில் சொல்லும் வாக்கியம். பிறகு அதில் உள்ள சீன வினைக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு. அடுத்த வரியில் ஆங்கிலம், அங்கே 'டேக்' மட்டும் சிவப்பில். இடது பக்கம் முழுக்க வெவ்வேறு வினைகள், வலது பக்கம் முழுக்க ஒரே வினை. விளக்கமே தேவையில்லை, பக்கத்தைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது.

சீனத்தில் மருந்தைச் சாப்பிடுவார்கள்: 'ச்சி யாவ்'. பஸ்ஸில் உட்காருவார்கள்: 'ஸுவோ ச்ச'. டாக்சியை அடிப்பார்கள், ஆம், அடி என்ற வினைதான்: 'தா ச்ச'. காய்ச்சலை அளப்பார்கள், குறிப்பைப் பதிவார்கள், விடுப்பை வேண்டிக்கேட்பார்கள், ஓர் இருக்கையில் அமர்வார்கள், தேர்வில் கலந்துகொள்வார்கள். இத்தனைக்கும் ஆங்கிலம் ஒரே 'டேக்'. சீனர்களின் வினை காரியத்தைக் கண் முன்னே நிறுத்துகிறது: வாய் மெல்கிறது, உடம்பு உட்காருகிறது. ஆங்கில வினை அப்படி எதையும் காட்டுவதில்லை. பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் வேலையைச் செய்கிறது.

தமிழ் வாசகருக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. நாமும் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள்தாம். பஸ்ஸில் ஏறுகிறோம், தேர்வை எழுதுகிறோம், காய்ச்சலைப் பார்க்கிறோம். ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனி வினை வைத்திருக்கும் கூட்டம் நாம். இந்த விஷயத்தில் சீனர்கள் நம் பக்கம். ஒரு பிள்ளை மருந்தை 'ஈட்' செய்தேன் என்று எழுதினால், உடன் வேலை பார்த்த ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் திகைத்துப் போவார். எனக்கு அது திகைப்பே தராது. என் பாட்டிக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இருக்கை பற்றிய பக்கம் ஒன்று உண்டு. புத்தகத்தின் விலை அதற்கே தகும். உணவங்காடியில் காலியாக இருக்கும் நாற்காலியைக் காட்டி, இது 'டேக்கன்' ஆகிவிட்டதா என்று ஆங்கிலம் பேசுகிறவர் கேட்பார். ஹார்பினிலிருந்து வந்த என் மாணவி ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், இந்தக் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி அவரிடமே கொடுத்தாராம். எடு என்றுதானே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், நாற்காலியை எடுத்துப்போகக் கேட்கிறார் போலும் என்று நினைத்திருக்கிறார். சீனத்தில் இந்த இடத்தில் எடுப்பதைப் பற்றிய பேச்சே இல்லை. 'ஜேர் யோ ரென் மா' என்பார்கள்: இங்கே ஆள் இருக்கிறார்களா? பஸ்ஸில் நாம் கேட்பதும் சொல்லுக்குச் சொல் அதேதான். மஞ்சள் புத்தகம் இந்த இரண்டு வாக்கியங்களையும் எதிரெதிரே போட்டு, நாற்காலியைத் தூக்கிப்போகக் கேட்கும் வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்து, மூன்றுக்கும் சின்னச் சின்னப் படம் வரைந்திருக்கிறது. வெறும் கோட்டுப் படம்தான். பிரமாதம்.

நேரத்தைப் பற்றிய பகுதியில் எங்கள் கூட்டணி உடைகிறது. சீனர்கள் நேரத்தைச் செலவழிப்பார்கள். 'ஹ்வா' என்ற வினை, பணத்துக்கும் அதுவே. செலவழிக்கிறவர் மனிதர், அவர்தான் எழுவாய். ஆங்கிலத்திலோ 'இட்' என்று ஒரு பொம்மை எழுவாயை நிறுத்தி, அது எனக்கு ஒரு மணி நேரம் 'டேக்ஸ்' என்று சொல்ல வேண்டும். மனிதர் நடுவில் எங்கோ போய் ஒடுங்கிக்கொள்வார். சீனப் பிள்ளைகள் இதில் வழுக்கி விழாத நாளே இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே அல்ல: எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதே வேற்றுமை, அதே அடக்கம். புத்தகம் இதற்கு ஓர் அச்சு வாய்பாடு போட்டு, யாருக்கு, எவ்வளவு நேரம், எதைச் செய்ய என்று மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. வினையை இப்படி வாய்பாடாக்கிக் கற்பிக்கும் வழி கிழக்காசியாவில் பிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, அங்குள்ள மாணவர்களுக்கு எந்த வினைக்குப் பின் என்ன வரும் என்றே தெரியவில்லை என்பதைப் பார்த்து வினை வாய்பாடுகளை வகுத்தார். அவருடைய அகராதி 1942இல், போருக்கு நடுவே, டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபர்டு அதை எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க மாணவர் கையில் இருக்கும் அகராதி வகைக்கு அதுதான் மூதாதை. மஞ்சள் புத்தகத்தின் மூன்று கட்டத்துக்கும் அங்கேதான் வேர். முன்னுரையில் ஒரு வரி நன்றி சொல்லியிருக்கலாம்.

'டேக்', 'பிரிங்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புத்தகம் நான்கு பக்கங்களில் சொல்கிறது. முதல் இரண்டு பக்கம் அருமை. அடுத்த இரண்டில் கோட்டை விட்டுவிட்டது.

அருமையான பகுதி இது. சீனத்தில் ஒரு பொருளை உடன் கொண்டுசெல்வதற்குத் 'தாய்' என்று ஒரு வினை. (அம்மாவைக் குறிக்கும் சொல் நம் காதில் மாமாவாகவும், தூக்கிச் செல்லும் சொல் தாயாகவும் விழுவது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) அதன் பின்னால் 'லாய்' சேர்த்தால் கொண்டு வா, 'ச்சூ' சேர்த்தால் கொண்டு போ. வா, போ என்பதைத் தனியாக ஒட்டிக்கொள்கிறார்கள், அச்சு அசலாகத் தமிழைப் போலவே. ஆங்கிலம் இந்த இரண்டையும் இரண்டு தனி வினைக்குள் ஒளித்து வைத்துவிட்டது. 'பிரிங்'கிற்குள் வருகை இருக்கிறது, 'டேக்'கிற்குள் போக்கு இருக்கிறது என்று புத்தகம் காட்டும் விதம் தெளிவு.

கோட்டை விட்டது எங்கே என்றால், யார் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது என்ற கேள்வியில். என்னிடம் படிக்கும் ஒரு தாய், நாளை உங்கள் வீட்டுக்குப் புத்தகத்தை 'டேக்' செய்கிறேன் என்று செய்தி அனுப்புவார். கேட்கிறவர் நான், நான் இருக்கும் இடத்துக்குத்தான் புத்தகம் வருகிறது. ஆங்கிலத்தில் 'பிரிங்' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழிலும் உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன் என்போம், கொண்டு போகிறேன் என்று சொன்னால் வேறு யார் வீட்டுக்கோ என்று தோன்றும். சீனத்தில், நாளை உங்கள் வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடமே சொல்வது வெகு இயல்பு. பேசுகிறவர் தன் காலடியிலிருந்து அளக்கிறார். கேட்கிறவர் பக்கம் போய் நின்று பார்க்கும் அந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் கற்க வேண்டும். புத்தகமோ, பேசுகிறவரை நோக்கி என்றால் 'பிரிங்', விலகி என்றால் 'டேக்' என்று ஒரு விதியைக் கட்டம் போட்டு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கேட்கிறவர் என்று ஒருவர் அந்தக் கட்டத்தில் இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் மாணவர்களின் பிரதிகளில் பென்சிலால் நானே ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன்.

புத்தகம் அரைப் பக்கத்தில் முடித்துக்கொண்ட இன்னொன்று உண்டு. நானாக இருந்தால் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். ஆங்கிலத்தில் பார் என்பதற்கு ஒரு வினை இருக்கிறது. ஆனாலும் 'டேக் அ லுக்' என்பார்கள். நடப்பதற்கும் வினை இருக்கிறது, 'டேக் அ வாக்' என்பார்கள். ஏன் இந்தச் சுற்றுவழி? காரியத்தைச் சின்னதாக, இலேசாக, ஒரே தடவையில் முடிவதாகக் காட்டுவதற்கு. சீனத்தில் இதற்கு ஒரு வழி உண்டு, கேட்கவே இனிமையாக இருக்கும்: வினையை இரட்டிப்பார்கள். 'கான்' என்றால் பார். 'கான் கான்' என்றால் சும்மா ஒரு பார்வை பார். 'ஸோ ஸோ' என்றால் காலாற ஒரு நடை. ஆங்கிலத்தின் 'டேக் அ' செய்யும் வேலையை அங்கே இரட்டைக்கிளவி போன்ற ஒன்று செய்கிறது. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் சீனத்தில் இரட்டிக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதைப் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். எல்லா வினைக்கும் செல்லாது. 'ஷுவோ ஷுவோ' என்று பேசுவதை இரட்டிப்பார்கள். அதற்கு 'டேக் அ டாக்' என்று எழுதினால் நான் சிவப்பு மையை எடுப்பேன், அதற்கு 'ஹேவ்' வேண்டும். எது செல்லும், எது செல்லாது என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தால் ஆசிரியருக்குக் கோடிப் புண்ணியம். மூன்று உதாரணத்தோடு நிறுத்திவிட்டார்.

'டேக் யுவர் டைம்' என்ற வாக்கியத்துக்கு அவர் கொடுத்திருக்கும் சீனம் மட்டும் மனத்தை விட்டுப் போகாது: 'மான் மான் லாய்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், மெல்ல மெல்ல வா.

உச்சரிப்புக்கு ஒரு பக்கம். சுருக்கமாக இருந்தாலும் பிழையில்லை. மாண்டரினில் அசையின் கடைசியில் ன், ங் போன்ற ஒன்றிரண்டு மெய்கள்தாம் வரும். 'க்' வரவே வராது. அதனால் 'டேக்' அவர்கள் வாயில் 'டேய்' என்று பாதியில் நிற்கும், அல்லது கடைசியில் ஓர் உயிரொலி ஒட்டிக்கொள்ளும். சிரிக்க நமக்கு உரிமையில்லை. தமிழ்ச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. 'டேக்கு' என்று ஓர் உகரத்தைத் தொங்கவிடாமல் நம் பெரியவர்கள் எத்தனை பேர் சொன்னார்கள்?

'டுக்', 'டேக்கன்' என்று காலம் மாறும் வடிவங்களுக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். சீன வினைக்குக் கால விகுதி கிடையாது என்பதால் இது தேவைதான். நேற்று என்று சொல்லியாகிவிட்டது, வினையையும் எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. அவர்களுடைய 'ல' என்ற துணைச்சொல் காரியம் முடிந்ததைக் காட்டும். இறந்தகாலத்தைக் காட்டும் என்று எண்ணிக்கொண்டு 'ல' வரும் இடத்திலெல்லாம் 'டுக்' போடுகிறவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்தைப் புத்தகம் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறது.

இனி அந்தக் கிழிக்க வேண்டிய இருபது பக்கங்கள். 'டேக்' என்பதோடு வால் ஒட்டிய தொடர்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீனச் சொல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். முதல் பாதியை எழுதியவர்தான் இதையும் எழுதினாரா என்று சந்தேகம் வருகிறது. 'டேக் ஆஃப்' என்றால் விமானம் எழும்புவது, சட்டையைக் கழற்றுவது, ஒரு நாள் விடுப்பு எடுப்பது, ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது என்று நான்கு சீனச் சொல், வாக்கியமே இல்லாமல். 'டேக் ஆஃப்டர்' என்றால் சாயல் என்று மட்டும் இருக்கிறது. பெற்றோர், பாட்டன், பாட்டி போன்ற குடும்பத்து மூத்தவர்களின் சாயலுக்குத்தான் அது பொருந்தும், பூனை புலியைப் போல இருக்கிறது என்பதற்குப் பொருந்தாது என்ற குறிப்பு இல்லை. என் மாணவன் ஒருவன் இதை நம்பி எழுதிய கட்டுரையில் ஒரு மேகம் ஆட்டுக்குட்டியை 'டேக்ஸ் ஆஃப்டர்' செய்தது. பட்டியல் மனப்பாடத்தை எதிர்த்துக் கிளம்பிய புத்தகம், கடைசியில் தானும் ஒரு பட்டியலாகப் படுத்துவிட்டது. பயிற்சிகளும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற வகை மட்டுமே. ஒரு வாக்கியமாவது பிள்ளை தானே எழுத இடம் விட்டிருக்கலாம்.

சீனாவில் அச்சானது என்பதால் இந்த ஊர் வழக்கு இதில் இருக்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். இங்கே உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் போய் 'எம்.சி.' எடுப்போம், அது மருத்துவ விடுப்புச் சான்றிதழ் என்பதும், அதற்கும் இதே 'டேக்' என்பதும் பெய்ஜிங்கில் யாருக்கும் தெரியாது. உணவங்காடியில் 'டேக் அவே' என்று சொல்லலாம். ஆனால் 'தாப்பாவ்' என்றால் நான்கு இனத்தாருக்கும் புரியும். பொட்டலம் கட்டு என்ற சீனச் சொல்தான் அது. தமிழ்க் கடையில் பார்சல் என்றாலே போதும்.

கடைசி அட்டைக்கு முந்திய பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், யாரும் படிக்காத இடத்தில். 'டேக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே இல்லை என்கிறது அது. பழைய ஆங்கிலத்தில் எடு என்பதற்கு 'நிமன்' என்ற வினை இருந்தது. ஜெர்மானியர் இன்றும் 'நேமன்' என்கிறார்கள். கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் 'டாகா' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய வினையின் மிச்சம் மரத்துப்போன கை காலைக் குறிக்கும் 'நம்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது: உணர்வு எடுக்கப்பட்டது என்று பொருள். இதனால் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. ஆனால் என் பதின்மூன்று வயது மாணவன் இந்தக் கட்டத்தைத்தான் அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான். வால் ஒட்டிய தொடர்களின் பக்கத்தை அவன் புரட்டக்கூட இல்லை.

தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து தெரிகிறது. சிவப்பு மை முதல் பாதியில் பளிச்சென்றும் பிற்பாதியில் வெளிறியும் இருக்கிறது. ஒலிப்பதிவு கேட்கக் கட்டக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அது வீசாட் செயலி வழியாக மட்டுமே திறக்கிறது. சீனக் குடும்பங்களில் அது எல்லார் கைப்பேசியிலும் இருக்கும், என் போன்றவர்கள் மாணவரின் கைப்பேசியைக் கடன் வாங்க வேண்டும். பேசுகிறவரின் உச்சரிப்பு அமெரிக்க வகை, வேகம் நிதானம்.

யார் வாங்கலாம்? சீனம் படிக்கத் தெரிந்து, ஆங்கிலச் சொற்கள் ஆயிரக்கணக்கில் தெரிந்தும் பேச்சில் தடுமாறுகிறவர்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வேண்டாம்; எழுத்து பொடி, படம் குறைவு. சீனர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் இந்த ஊரில் சிலர் இருக்கிறோம். சீன எழுத்து கொஞ்சமாவது தெரிந்தால் அவர்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.

இதே வரிசையில் 'கெட்', 'மேக்', 'ஹேவ்' ஆகியவற்றுக்கும் தனித்தனிப் புத்தகங்கள் அதே அலமாரியில் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு நிறம். 'மேக்' பற்றியதைக் கடையிலேயே புரட்டினேன்; இதே அளவு நன்று. 'கெட்' பற்றியதைத் தொடாதீர்கள். அதில் சீன வாக்கியத்தை முதலில் போடும் முறையை ஏனோ விட்டுவிட்டார்கள். முதல் பக்கத்திலிருந்தே வால்களின் பட்டியல்தான்.